எலிக்குப் போட்ட சாம்பிராணி

எலி எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நினைத்து உருகக் கூடாது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே உட்கார்ந்து நறுக்கிய காய் விற்கிறவள் நான். வாழைப்பூ ஆய்ந்து, வாழைத்தண்டு நறுக்கி, சாம்பார் வெங்காயம் உரித்துப் பொட்டலம் போட்டு முப்பது வருஷமாக விற்கிறேன். வாங்குகிறவர்களுக்கு நறுக்க நேரம் இல்லை, எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த முப்பது வருஷத்தில் என் சரக்கில் வாய் வைத்த எலிகளை நான் என்னென்ன செய்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. பொறி, பசை அட்டை, விஷ கேக்கு, விளக்குமாற்றின் அடிக்கட்டை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

அப்படிப்பட்டவள் அறையில் ஒரு எலி கூண்டுக்குள் உட்கார்ந்து என் வாழைத்தண்டைத் தின்றது என்றால், அதற்குக் காரணம் வீட்டுக்கார மாமிதான்.

மாமி முன்கட்டில் இருக்கிறாள். பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறாள். கடைசி அறை என்னுடையது. அவள் ஜன்னலும் என் கதவும் நேருக்கு நேர், நடுவில் நாலடி சந்து. எங்கள் இருவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாக ஒரே தண்ணீர் மோட்டார், ஒரே சண்டை. நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் மோட்டாரை நிறுத்துவாள். அவள் கோலம் போட்டு முடிக்கும் நேரம் பார்த்து நான் வாசலில் கூடையை இழுத்துக்கொண்டு போவேன்.

என் பக்கத்து அறையில் ஒரு பெண் குடியிருந்தாள். தரமணிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. எலியை வாங்கி வந்தது அவள்தான். உடம்பு வெள்ளை, தலை மட்டும் கறுப்பு, முக்காடு போட்டது மாதிரி. காசு கொடுத்து எலி வாங்குகிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்தது. "ஒரே வாரம் ஆயா, அங்க ரூம் பாத்துட்டு வந்து எடுத்துக்கறேன்" என்று கூண்டை என் அறையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு மாதம் வரைக்கும் நான் கூப்பிட்டால் அவள் போனில் மணியாவது அடித்தது. பிறகு அதுவும் அடிக்கவில்லை.

அவள் போன மூன்றாம் நாள் மாமி சந்தில் வந்து நின்றாள்.

"இதக் கொண்டு போய் எங்கேயாவது விட்டுட்டு வா. ஆத்துல எலிய ஓட்டறதுக்கு நான் ஆள் வெச்சு செலவழிச்சுண்டு இருக்கேன், நீ கூண்டுல வெச்சுக் கொஞ்சிண்டு இருக்கே. இல்லேன்னா நானே கேக்கு வெச்சுடுவேன்."

"நான் கொஞ்சல மாமி. அது பாட்டுக்குக் குடியிருக்குது. இன்னா, அதுக்கும் வாடக வோணுமா?"

உண்மையைச் சொன்னால், அன்று சாயங்காலம் அதைக் குளத்தங்கரையில் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் நானே நினைத்திருந்தேன். அவள் வாயால் சொல்லிவிட்டாள். அதனால் விடவில்லை. அவள் சொல்லி நான் செய்தேன் என்று ஆகக் கூடாது.

அதற்குப் பெயர் கிடையாது. "சனியனே" என்று கூப்பிடுவேன், கம்பி ஓரமாக வந்து நிற்கும். காரட் காம்பு, தண்டின் அடித்துண்டு, ஒரு பிடி சோறு. இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுவிட்டு முகம் கழுவும். சந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை விற்கிறவனைவிட மரியாதையாகச் சாப்பிடும். கூண்டுக்குள் போட முனையில் இருக்கும் தச்சுப் பட்டறையில் இழைப்புத் தூள் சும்மா கொடுத்தார்கள். செலவில்லாத விருந்தாளி என்று விட்டுவிட்டேன்.

மார்கழி பாதியில் தும்ம ஆரம்பித்தது. சின்னச் சத்தம், வெங்காயச் சருகு நொறுங்குவது போல. சளி என்று தெரிந்தது. சளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மூன்று பிள்ளைகளைப் பெற்று, தலைக்கு ஊற்றி, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் போட்டுச் சாம்பிராணி காட்டி வளர்த்தவள். அதையேதான் இதற்கும் செய்தேன். கூண்டுக்கு அடியில் தூபக்காலை வைத்து மேலே பழைய புடவையைப் போர்த்தினேன். வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டிருந்ததைத் தினம் போட்டேன். தும்மல் அதிகமானதும் காலையிலும் போட்டேன். புடவைக்குள் பார்த்தால் அது தூளுக்குள் மூக்கைப் புதைத்துச் சுருண்டு கிடக்கும். கதகதப்பாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். சந்தையிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் அதன் மூக்கில் சிவப்பு. கண்ணோரத்தில் சிவப்பு. துடைத்துத் துடைத்து முன்னங்கை இரண்டும் சிவப்பு.

விஷ கேக்கு தின்ற எலி எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். மூக்கில் ரத்தம் வரும். எத்தனை எலிகளை அப்படி முறத்தில் அள்ளிப் போட்டிருக்கிறேன். கேக்கு வைப்பேன் என்று சொன்னவள் யார் என்பதும் எனக்குத் தெரியும். வேறு யோசனையே வரவில்லை. கூண்டைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன்.

கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தன. சுவரோரம் அம்மாக்கள். நான் நிலைப்படியில் நின்றேன்.

"மாமி, வெளிய வா. இன்னா வெச்சே, சொல்லு."

"கிளாஸ் நடந்துண்டிருக்கு. அப்பறம் வா."

"அப்பறம் வந்தா இது செத்துடும். கேக்கு வெச்சியா இல்லியா? பாட்டு சொல்லித் தர்ற வாயால சொல்லு."

பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டன. சுருதிப் பெட்டி மட்டும் நிற்காமல் இரைந்துகொண்டிருந்தது. மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

"வெக்கறதா இருந்தா ஒன் கண்ணு முன்னால வெப்பேன். ஒளிச்சு வெக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

"ஒன்னிய எனக்குத் தெரியாதா? இருவத்திரெண்டு வருசமா பாத்துக்கினு கீறேன்." அம்மாக்கள் பக்கம் திரும்பினேன். "பாத்துக்கங்கம்மா. ஒரு வாயில்லாத ஜீவனுக்கே விசம் வெக்கறவங்க. இவங்க வூட்டுத் தண்ணிய புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

ஒரு அம்மா தன் மகள் கையில் இருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். அதை மாமி பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு அப்போது வயிறு குளிர்ந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் காலை அடையாறுக்குப் போனேன். அங்கே ஒரு மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது என்று என்னிடம் வாழைப்பூ வாங்குகிற அம்மா சொல்லியிருந்தார்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸுக்காக மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு ஏறினேன். கண்டக்டர் கூண்டைப் பார்த்தான்.

"ஆயா, அதுல இன்னா?"

"எங்க வூட்டுக்காரரு. ஆம்பளைக்கு டிக்கெட் வோணுமா?"

அவன் அடுத்த சீட்டுக்குப் போனான்.

அடையாறு ஆஸ்பத்திரியில் நாய்களும் பூனைகளும் ஏசியில் உட்கார்ந்திருந்தன. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் எலி பார்க்கிற டாக்டர் சனிக்கிழமைதான் வருவார், முன்கூட்டியே போன் செய்ய வேண்டும் என்றாள். பார்க்க எவ்வளவு என்று கேட்டேன். அரசாங்கம் எனக்கு மாதத்துக்குக் கொடுக்கிற முதியோர் பணத்தைவிட அதிகமாகச் சொன்னாள்.

"ஒரு எலியப் பாக்கறதுக்கா?"

"அது எக்ஸாடிக் கேட்டகிரிம்மா."

"எதுவா இருந்தா இன்னா. எலி எலிதானே" என்று சொல்லிவிட்டுத் திரும்ப பஸ் ஏறினேன்.

சர்க்கார் மாட்டாஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. ஆடு, கோழி, கால் ஒடிந்த நாய். எனக்கு முன்னால் சேவலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற ஆள் கூண்டைக் குனிந்து பார்த்தான்.

"இன்னா ஆயா, எலியக் காப்பாத்த வந்துகினியா? எங்க வூட்டுல பத்து கீது. எல்லாம் நல்லா கீது. ஒண்ணு தரேன், இத்த வுட்டுரு."

"ஒங்கூட்டு எலி ஒன்ன மாதிரி இருக்கும். எனக்கு வோணாம்."

வரிசையே சிரித்தது. அவன் சேவலும் ஏதோ சொன்னது. சீட்டு எழுதுகிறவர் என்ன மிருகம் என்று கேட்டார். சொன்னதும் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எழுதினார்.

டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. எலியைக் கையில் எடுக்கும்போது முகம் சுளிக்கவில்லை. அதற்காக ஒரு மதிப்புக் கொடுத்தேன். ஈரப் பஞ்சால் மூக்கைத் துடைத்தாள். காதில் குழாயை மாட்டி அதன் நெஞ்சில் வைத்துக் கேட்டாள்.

"விஷம் வெச்சுட்டாங்கம்மா" என்றேன்.

"யார் சொன்னது? இது ரத்தமே இல்ல பாட்டி. எலிக்கு உடம்பு முடியலன்னா கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி இப்படித்தான் செவப்பா வரும். நெஞ்சு பூரா சளி. வீட்டுல புகை ஏதாவது போடுவீங்களா? ஊதுவத்தி, கொசுவத்தி?"

"சாம்பிராணி போடுவேன். சளிக்குத்தான் போட்டேன்."

"எப்பவாவதா?"

"ரெண்டு வேள. கூண்டு மேல பொடவ போத்தி."

அவள் கை நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. "புகை அதுக்கு ஆகாது பாட்டி. நீங்க போட்ட தூளும் ஆகாது" என்று மட்டும் சொன்னாள். வெள்ளைப் பருத்தித் துணியைப் போட்டுத் தினம் அலசி மாற்றச் சொன்னாள். மனிதர்கள் சாப்பிடுகிற கேப்சூல் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, அதைத் திறந்து எவ்வளவு தூள் எடுக்க வேண்டும் என்று காகிதத்தில் கொட்டிக் காட்டினாள். கடுகில் பாதி இருக்கும்.

வெளியே வரும்போது கூப்பிட்டாள். "இன்னும் நாலு நாள்ல போகி. விடியறப்போ ஊரே புகையா இருக்கும். இந்த நெஞ்சு அதைத் தாங்காது. புகை நுழையாத ரூமா பாத்து, நல்லா மூடி வைங்க."

புகை நுழையாத ரூம். என் அறையில் கூரைத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே கையை விடலாம். மழை வந்தால் எனக்கு முன்னால் அது உள்ளே வந்துவிடும்.

மருந்துக் கடைக்காரன் அட்டை முழுவதும் வாங்கினால்தான் தருவேன் என்றான். ஒன்று போதும், அதுவே அதற்கு ஒரு வாரம் வரும் என்றேன். யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். சிரித்துக்கொண்டே கத்தரிக்கோலால் ஒன்றை வெட்டிக் கொடுத்தான். அவன் சிரித்ததை மருந்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

வெல்லப் பாகில் மருந்தைக் குழைத்து, ஆய்ந்த வாழைப்பூவின் ஒரே ஒரு மடலில் தடவி நீட்டுவேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளியது. இரண்டாம் நாள் நக்கியது. மூன்றாம் நாள் மூக்கில் சிவப்பு குறைந்தது. ஆனால் விலா இரண்டும் துருத்தி மாதிரி ஏறி இறங்கின, உள்ளே கரகரவென்று சத்தம். சாயங்காலம் மாமி விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டால் அவள் ஜன்னலிலிருந்து நேராக என் கதவுக்கு வரும். இடைவெளியில் எல்லாம் கோணி திணித்தேன். சாம்பிராணி வாசனை கோணிக்குக் கட்டுப்படவில்லை. இந்த ஒரு ஜன்னல் புகைக்கே இப்படி இரைக்கிறதே, போகியன்று தெருவில் பாய், டயர் எல்லாம் எரியும்போது என்ன ஆகும்.

அந்த வீட்டில் புகை நுழையாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போனில் பாட்டு சொல்லிக் கொடுக்க மாமி ஒரு அறையைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். கதவில் ரப்பர், ஜன்னலில் இரட்டைக் கண்ணாடி, ஏசி. தெருச் சத்தம்கூட உள்ளே போகாது.

போகிக்கு முதல் நாள் மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்ததும் நகராமல் நின்றாள்.

"சண்டை போட வந்தியா? கிளாஸ் அஞ்சரைக்குத்தான். கூட்டம் சேர்ந்தப்பறம் வாயேன். உனக்கு அதுதானே புடிக்கும்."

"நாளைக்குக் காலைல ஒரு வேள அந்த ஏசி ரூம் வோணும்."

"யாருக்கு?"

கையில் இருந்த கூண்டைக் கொஞ்சம் தூக்கினேன்.

"விஷம் வெக்கறவ ஆத்துலயா?"

"அது விசம் இல்லியாம். டாக்டரு சொன்னாங்க. பொகையாம்."

"யார் போட்ட புகை?"

கூண்டைக் கீழே இறக்கினேன். அவள் கதவை மூடவில்லை. காத்திருந்தாள். இந்த மாதிரி காத்திருப்பதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. பிள்ளைகள் தப்பாகப் பாடினால் இப்படித்தான் நிற்பாள்.

"நான் போட்டது" என்றேன்.

"என்கிட்ட சொன்னா ஆச்சா? அன்னிலேர்ந்து ரெண்டு கொழந்தைகள அனுப்பல, தெரியுமோ? சாயங்காலம் எல்லாரும் வருவா. அன்னிக்கு நின்ன அதே எடத்துல நின்னு சொல்லு. அப்பறம் ரூமப் பத்திப் பேசலாம்."

கதவை மூடினாள்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் அவரிடம்கூட நான் தப்பு என்று ஒப்புக்கொண்டது கிடையாது. சந்தையில் இடத்துக்காகப் பெரிய பெரிய ஆட்களோடு மோதியிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கிப் போனதில்லை. ஒரு எலிக்காகவா என்று நினைத்தேன். அது கம்பியோரம் வந்து நின்றது. நிற்கக்கூட முடியாமல் விலா இழுத்தது. "உன்னால தாண்டி சனியனே" என்று அதைத் திட்டினேன். அது ஆணா பெண்ணா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திட்டுவதற்கு அது ஒன்றும் தடையில்லை.

ஐந்தரை மணிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். கேவலப்படப் போவது என்றாலும் கந்தலில் போக மாட்டேன். அதே நிலைப்படி, அதே சுருதிப் பெட்டி. மாமி கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"இவங்க விசம் வெக்கல" என்றேன். "நான்தான் சளிக்குச் சாம்பிராணி போட்டு அத்த அப்படி ஆக்கிட்டேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. தண்ணி குடுங்க புள்ளைங்களுக்கு."

ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. அதன் அம்மா அதன் தொடையைக் கிள்ளினாள். முடிந்தது என்று நான் திரும்பினேன்.

"இரு" என்றாள் மாமி. போனை எடுத்து, வராமல் நின்ற பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் நீட்டினாள். "இவாளுக்கும் சொல்லு."

சொன்னேன். இரண்டாவது அம்மாவையும் கூப்பிட்டாள். அதற்கும் சொன்னேன். மூன்று தடவை. பிறகு மாமி போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, "ம், விட்ட எடத்துலேர்ந்து" என்றாள். தபால்காரர் வந்துவிட்டுப் போனது போல என்னை அதற்கு மேல் பார்க்கவில்லை.

போகியன்று விடியும் முன்னே முன்கட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அறையில் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தாள். கூண்டை அதன் மேல் வைத்தேன். தனியாக விட்டால் கம்பியில் நழுவி வந்து மூலையில் இருக்கிற வீணைத் தந்தியைக் கடித்துவிடும் என்று அவளும் உள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கதவை மூடினோம். கண்ணாடிக்கு வெளியே தெரு மஞ்சளாக எரிந்தது. பிள்ளைகள் அடிக்கிற போகி மேளம் ரொம்ப தூரத்தில் எங்கேயோ கேட்பது மாதிரி கேட்டது.

ரொம்ப நேரம் பேசாமல் இருக்க இரண்டு பேராலும் முடியவில்லை. மோட்டாரில் ஆரம்பித்தது.

"நான் குளிக்கச் சொல்லோ ஏன் நிறுத்துறே?"

"தொட்டி ரொம்பி வழியறது. நீ அரை மணி குளிச்சா நான் என்ன பண்றது?"

"ரொம்பினா எனக்குத் தெரியாதா?"

"மெதுவாப் பேசு. தூங்கறது."

அதைப் பார்த்தேன். துணிக்குள் சுருண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"முந்தாநாளைக்கு இப்ப தேவல. கரகரப்பு கொறைஞ்சிருக்கு."

"முந்தாநேத்து நீ எப்படிக் கேட்டே? ஒட்டுக் கேட்டியா?"

"என் ஜன்னலுக்கும் ஒன் கதவுக்கும் நாலடி. காத அறுத்துண்டு உக்காரச் சொல்றியா?"

மெதுவான குரலிலேயே தொட்டி, குப்பைக் கூடை, கோலம், முன்னாள் குடித்தனக்காரர்கள் என்று இருபத்திரண்டு வருஷத்தையும் சண்டை போட்டு முடித்தோம். வெயில் ஏறிப் புகை கலைந்ததும் அவள் கதவைத் திறந்து, "பேப்பர நீயே எடுத்துப் போட்டுடு" என்றாள். போட்டேன். அதோடு பேச்சும் நின்றது.

இப்போது சித்திரை. எலி இருக்கிறது. இளைத்துவிட்டது, முதுகு கூனிவிட்டது, எப்போதாவது ஒரு தும்மல். அதை விட்டுப் போன பெண்ணின் போன், கூப்பிட்டால் இன்னும் மணி அடிக்கவில்லை. எனக்கு எலி இன்னும் ஆகாது. போன வாரம்கூடச் சரக்குக் கூடையில் ஒன்றை அடித்தேன்.

மாமியை நான் மன்னிக்கவில்லை. ஒரு தடவை சொல்ல வைத்தாள், அது நியாயம், நான் செய்ததற்குச் சரியாகப் போயிற்று. போனில் சொல்ல வைத்த இரண்டும் அவள் ஆசைக்கு. அதை மறக்க மாட்டேன். அவளும் அந்த டம்ளரை மறக்கவில்லை. மோட்டார் பழையபடி நான் குளிக்கும்போதுதான் நிற்கிறது.

என் அறையில் நான் சாம்பிராணி போடுவதில்லை. மாமி போடுகிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன்னால் சந்துப் பக்க ஜன்னலைச் சாத்திவிடுகிறாள். நான் அதை அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சாத்துவது மட்டும் சுவர் அதிர, எனக்குக் கேட்கிற மாதிரி, படாரென்று சாத்துவாள். ஒவ்வொரு வாரமும் எலி அதற்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருக்கும். பிறகு மறுபடியும் படுத்துவிடும்.